பழைய கரைசல்

கீரை வளர மண் வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒரு செடிக்கு வேண்டியவை நீர், காற்று, ஒளி, ஊட்டச்சத்து, சாய்ந்து விழாமல் நிற்க ஒரு பிடிமானம் ஆகியவையே. மண் செய்துவந்த வேலையைச் சிறு வலைக்கிண்ணமும் தேங்காய் நார்த்தூளும் செய்துவிடும். கிண்ணத்துக்குக் கீழே, குழாயில் ஓடும் நீரை வேர் தொட்டுக்கொண்டிருக்கும். அந்நீரில் உரிய உப்புகளை உரிய அளவில் கரைத்துவிட்டால், ஒரு மாதத்திற்குள் கீரை அறுவடைக்கு வரும்.

என் வாக்குமூலத்தை எழுத்தர் எழுதட்டும் என்று ஆய்வாளர் ஐயா சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். நாற்பத்து நான்காம் வயது வரை கைநாட்டு வைத்தவன் நான். நாற்பத்தொன்பதாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன். ஆகவே நடந்ததை நானே வரிசையாக எழுதுகிறேன். என் பெயர் சவுரியப்பன். தருமபுரி வணிகர் பக்ருதீன் பாய் இண்டூருக்கு அருகில் நடத்தும் மண்ணில்லாக் கீரைப் பண்ணைக்கு நான் மேற்பார்வையாளர். என் வீடும் பண்ணையை ஒட்டியே உள்ளது.

தொட்டியில் உள்ள நீருக்கு ஊட்டக்கரைசல் என்று பெயர். செடி தனக்கு வேண்டிய உப்பை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுவதால், நாளடைவில் அதன் அளவு கெடும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். பழைய கரைசலைக் குடங்களில் சுமந்து, பின்புறத்துத் தீவனப்புல்லுக்கு ஊற்றுமாறு பாய் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் ஆயிரம் லிட்டர். ஐந்து மாதம் சுமந்தேன். சான்றிதழ் பெற்ற ஒருவன் குடம் சுமப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. வேலிக்கருகே வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. தொட்டியிலிருந்து அதற்குக் குழாய் பதித்தேன்.

நிலத்தடி நீரைப் பெருக்கும் ஏற்பாடு என்று பாயிடம் விளக்கினேன். மழைநீரைச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அவர் மகிழ்ந்து, பண்ணையில் நாற்பது உழவர்களுக்கு நடக்கவிருந்த பயிற்சியில் என்னையே பாடம் நடத்தச் சொன்னார். கரும்பலகை ஒன்றும் வாங்கி அனுப்பினார்.

பயிற்சிக் கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு குறிப்பு உள்ளது. பழைய கரைசலில் நைட்ரேட் மிகுதி. அது குடிநீரில் கலந்தால், புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உதடும் நகமும் நீலமாகும். நீரைக் காய்ச்சுவதால் நைட்ரேட் நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். இப்பக்கத்தை என்னால் பார்க்காமலே ஒப்பிக்க முடியும்.

வேலிக்கு அப்பால் நாற்பது அடியில் கவிப்பிரியாவின் வீடு. கணவன் தமிழ்ச்செல்வன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பான். கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தக் கடைசி வீடு வரை வரவில்லை. தங்கள் போர் நீரையே அவர்கள் குடித்தனர். பெண் குழந்தை பிறந்திருந்தது. தாய்ப்பால் போதாமல் பால்பொடியைக் கரைத்துக் கொடுத்தனர். மாமியார் குள்ளம்மாள் என்னை வாத்தியார் என்றுதான் அழைப்பாள்.

“ஏனுங்க வாத்தியாரே, கீரைக்கெல்லாம் டானிக் ஊத்துறீங்களாமே. எம் மருமவளுக்கும் ரெண்டு மூடி ஊத்துங்க, பாலாவது ஊறட்டும்” என்று ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னாள்.

நானும் சிரித்தேன். குழாய் பதித்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

குழந்தைக்கு ஐம்பது நாள் ஆனபோது உதடு நீலம் பாரித்தது. இதயக் கோளாறாக இருக்கலாம், சேலத்தில் ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னாராம். கணவன் வியாழக்கிழமை வந்துவிடுவான், வந்ததும் போவதாக இருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் கவிப்பிரியா ஒரு சொம்பில் நீர் கொண்டுவந்தாள்.

“அண்ணா, அந்த மிசின வுட்டு இதப் பாருங்க. தண்ணி ஒரு மாதிரியா கரிக்குது. பாப்பாவுக்குக் குடுக்கலாமுங்களா?”

நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் கருவி என்னிடம் உண்டு. பண்ணை தொடங்கியபோது அதே போரின் நீரை அளந்திருக்கிறேன். இப்போது அது மூன்று மடங்காக இருந்தது. கருவியைத் துடைத்து உறையில் இட்டேன்.

“உப்புத் தண்ணிதாம்மா. நல்லாக் காய்ச்சிக் குடு.”

“எவ்ளோ நேரமுங்கண்ணா?”

“கொதி வந்த பொறவு பத்து நிமிசம்.”

“எதுக்கும் ரெண்டு தடவையாவே காய்ச்சிடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்ட வினாவிற்கு மட்டுமே விடை எழுத வேண்டும் என்பது தேர்வின் விதி. நீர் எதனால் கெட்டது என்று அவள் கேட்கவில்லை. பயிற்சி வியாழக்கிழமை நடக்கவிருந்தது. அதற்கு முன் சொன்னால் குழாயைத் தோண்டி எடுப்பார்கள். பாடத்தை வேறொருவர் நடத்துவார். மூன்று நாள்கள்தாம். வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

குழந்தை புதன்கிழமை காலையில் தருமபுரி மருத்துவமனையில் இறந்தது. மாலையில் அடக்கம். குழாய் பதிக்க வாங்கிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஆள் குறைவாக இருந்ததால் குழியில் பாதியை நான்தான் வெட்டினேன்.

வியாழக்கிழமை பாடம் நன்றாக நடந்தது. வேரின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்தேன். காரிமங்கலத்திலிருந்து வந்திருந்த சென்றாயன் என்பவர், பழைய தண்ணீரை என்ன செய்வது என்று கேட்டார். முப்பத்தொன்றாம் பக்கத்தை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அனைவரும் குறித்துக்கொண்டனர்.

வெள்ளிக்கிழமை எவரிடமும் எதையும் சொல்வதற்கான தேவை இருக்கவில்லை.

குழந்தையின் இரத்தம் பழுப்பாக இருந்ததைக் கண்ட மருத்துவர்கள் போர் நீரைச் சோதனைக்கு அனுப்பியது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. அதன் வழியாகவே தாங்கள் குழாயைக் கண்டீர்கள். படிப்பறிவு குறைந்தவன், விளைவு தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் தண்டனை குறையும் என்று பாய் வழக்கறிஞரிடம் சொல்லி அனுப்பினார். அவ்வாறு எழுத என்னால் இயலாது. அது உண்மையன்று. குழாய் பதித்த வாரமே, நம் போர் நீரை இனிக் குடிக்க வேண்டாம், கேன் தண்ணீர் வாங்கு என்று என் மனைவி லூர்துமேரியிடம் சொன்னேன். கடைக்காரரைக் கேட்டால் தேதியைச் சொல்வார். காய்ச்சச் சொன்னபோது என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று உள்ளது. தாங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, கவிப்பிரியா பண்ணை வாசலுக்கு வந்தாள். முகம் கழுவாமல் வந்திருந்தாள்.

“அண்ணா, நான் காய்ச்சுனது பத்தலைங்களா?”



“இன்னுங் கொஞ்ச நேரம் காய்ச்சியிருக்கலாம்மா.”

தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தெரிந்தவன் என்று நம்பி என்னிடம் கேட்டாள். வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.