முதல்ல நகல்ல ஏத்திப் பாக்கணும்

இல்ல தம்பி, கைய எடுங்க. அந்த பென்டிரைவ இன்னும் சொருகாதீங்க. கோச்சிக்கினாலும் பரவால்ல. ஸ்டூல இழுத்துப் போட்டுகினு உக்காருங்க, ஃபேன் போடறேன். இன்னிக்கி அமாவாசை, தறி ஓடல, நிதானமா பேசலாம். தறி ஓடற நாள்ல இந்த கம்ப்யூட்டர்ல நான் யாரையும் கை வெக்க உடமாட்டேன். பாதி புடவை நெய்துகினு இருக்கறப்ப புதுசா எதையாவது ஏத்தி, அது சிஸ்டத்த படுக்க வெச்சுட்டுதுன்னு வைங்க, பூ எந்த இடத்துல நின்னுதுன்னு தறி மேல பூ போடற ஜக்கார்டு பெட்டிக்குத் தெரியாம பூடும். மறுபடி ஓட்னா பூவுல பாதி ஒரு பக்கம் இழுத்துகினு நிக்கும். அந்தப் புடவைய எந்தப் பொண்ணு கட்டுவா?

அஞ்சு நிமிஷ வேலதான், தெரியும் விக்னேஷு. போன தடவையும் அதான சொன்னீங்க.

ஜல்தி போவணுமா? யாரு, ஜெகநாதன் முதலாளியா? அவரு கோயிலுக்குக் கெளம்பறதுக்குள்ள நீங்க கடைக்குத் திரும்பணுமா? நானும்தான் கோயிலுக்குப் போவணும். சாயந்தரம் எங்க கொழுந்தன் குணா கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணப் போறான், உங்களுக்குத் தெரியாதா? தெரியுமா. ஆங், தெரியாம எப்டி இருக்கும், தெருவே அதத்தான பேசிகினு இருக்குது.

அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லதான். நீங்க உக்காருங்க.

இது கெழட்டு கம்ப்யூட்டரு. முன்னாடி இருந்த விண்டோஸ்ல ஒரு டிசைன் தெறக்கறதுக்குள்ள நான் சோறு வடிச்சுட்டு வந்துடலாம். தூக்கிப் போடலாம்னுதான் இருந்தேன். வெம்பாக்கத்துல கம்ப்யூட்டர் வாத்தியாரா இருக்காரே அருள்மணி, எங்க சித்தி பையன், அவருதான் இதுல சின்னதா ஒரு லினக்ஸ போட்டுக் குடுத்தாரு. மொத்த சிஸ்டமும் ஒரு பென்டிரைவ்ல அடங்கிடும். இதோ சொருகி இருக்குதே, இதுதான். உள்ள டிஸ்க்கே கெடையாது, கழட்டி வெச்சுட்டோம். போட்ட அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னாரு. அக்கா, வேற எது வேணும்னாலும் இந்த சிஸ்டத்துக்குன்னு ஒரு கடை இருக்குது, அதுக்குள்ளயே தேடு, அங்க இருக்கறது யாரு பண்ணதுன்னு பாத்து முத்திரை குத்தி வெச்சது, வெளிய இருந்து வர்றத ஏத்தாதன்னு.

நான் கேட்டேனா? தை மாசம் நீங்க வந்து, முதலாளி குடுத்தனுப்பினாரு, டிசைன ஜக்கார்டுக்கு மாத்தித் தர்ற சாஃப்ட்வேர்னு சொன்னீங்க. பாஸ்வேர்டு கேட்டுது. நான் அடிச்சுக் குடுத்தேன். நமக்கு நூல் குடுக்கறவரு, அவரு ஆளு வந்து உக்காந்துகினு இருக்காரு, எழுந்து போப்பான்னு எப்டி சொல்றது? சரி, டிசைன மாத்தறதுக்கு நெட்டு எதுக்குன்னு கேட்டேன். அப்டேட்டுன்னீங்க. எங்க வீட்டுக்காரர எங்க போறீங்கன்னு கேட்டா வெளியன்னு சொல்வாரு, அந்த மாரி ஒரு பதிலு.

எல்லா வீட்லயும் அடிச்சுத்தான் குடுக்கறாங்களா? குடுப்பாங்க. பாஸ்வேர்டுன்னா வாசக்கதவு சாவின்னு யாருக்குத் தெரியுது?

டீ வேணாமா? சரி. அந்த செல்ல கவுத்து வைங்க தம்பி. முதலாளிக்கு அப்புறம் பேசிக்கலாம்.

அந்த மயில் புட்டா, பொடவை முழுக்க மயில் பூ, ஞாபகம் இருக்குதா? நான் வரைஞ்சது. எங்க வீட்டுக்காரரு தறியில பாதிகூட ஏறல, கல்யாணத்துக்குன்னு ஆர்டர் குடுத்த பொண்ணு வீட்டுக்காரங்க செல்லுல ஃபோட்டோவோட வந்து நிக்கறாங்க. எங்களுக்கு மட்டும்னு சொன்னீங்க, இது கடையில தொங்கிகினு இருக்குதேன்னு. பவர்லூம் புடவை. அதே மயிலு, அதே கழுத்து. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அடுத்து ஒரு கோபுர பார்டரு, அதுவும் அப்டியே வெளிய போச்சு.

யாரு குடுத்தான்னு பேச்சு வந்துது. யார சொல்வாங்க? டிசைன தறி தறியா எடுத்துகினு போறவன் எங்க கொழுந்தன் குணாதான். அவனுக்கு பவர்லூம்ல கூட்டாளிங்களும் இருக்காங்க, கூட உக்காந்து டீ குடிப்பான். போதாதா? எங்க வீட்டுக்காரரு கூடப் பொறந்தவரு, அவரே செருப்பக் கையில எடுத்துட்டாரு. நான் நடுவுல பூந்தேன், எனக்கும் ஒண்ணு உழுந்துது. அன்னிக்கே குணா பொண்டாட்டிய அழைச்சிகினு செய்யாறு பூட்டான். இப்ப அங்க கம்பெனி பஸ்ல ஏறி ஷிஃப்ட்டுக்குப் போறான். தறி புடிச்ச கையி, பெட்டி ஒட்டிகினு இருக்குது.

அதோட உட்டாங்களா? அவன் வந்து சத்தியம் பண்ணாத வரைக்கும் என் டிசைன தறியில ஏத்தமாட்டோம்னு நெசவுக்காரங்க சொல்லிட்டாங்க. பெரியவங்க இன்னிக்கி அமாவாசைக்குன்னு நாள் குறிச்சாங்க. முன்னாடி நின்னு நடத்தறது யாரு, உங்க முதலாளி. குணா பொண்டாட்டியும் பக்கத்துல நிக்கணுமாம். அவ மாசமா இருக்கா தம்பி. காலையில ஃபோன் பண்றா. அக்கா, கற்பூரம் அடிச்சா வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாதேன்னு கேக்கறா. தப்பு பண்ணாதவன்தான, என்னாடி ஆவும்னு சொன்னேன். பொய் சத்தியத்துக்குத்தான் பயம்னு பேரு. இங்க பண்ணாதவன்தான் நடுங்கறான்.

வேர்க்குதா உங்களுக்கு? ஃபேன் முழுசா சுத்துதே.

நான் எதுக்கு இதெல்லாம் உங்ககிட்ட சொல்றேன்னா, நீங்களும் ஊரெல்லாம் போய் ஏத்தறவரு, முறை தெரிஞ்சிருக்கணும். குணா போன பிறகும் எனக்கு மனசு கேக்கல. அருள்மணிய கூப்பிட்டேன். திட்டினாரு பாருங்க, என் ஆயுசுல அப்டி வாங்கினதில்ல. யாரு பண்ணதுன்னு தெரியாம ஏத்தினியே, எதுக்கு நெட்டு கேக்குதுன்னு பாக்கலியேன்னு. அப்புறம் சொல்லிக் குடுத்தாரு. வெளிய இருந்து வந்தத ஏத்தியே ஆவணும்னா முதல்ல நகல்ல ஏத்திப் பாரு. சிஸ்டத்த அப்டியே இன்னொரு பென்டிரைவ்ல நகல் எடு, அசல எடுத்து பீரோவுல வெச்சிப் பூட்டு. நகல்ல வேலைக்குத் தேவையானது தவிர எதையும் வெக்காத. அதுல ஏத்தி, நாலு நாள் பாரு. ஏடாகூடமா ஏதாச்சும் பண்ணா நகலோட போவட்டும், அசலுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு.

இல்லல்ல, உக்காருங்க. கதவு சும்மா சாத்தி இருக்குது, தாழ்ப்பா போடல. போவணும்னா போங்க. ஆனா கேட்டுட்டுப் போங்க.

அருள்மணி அசல சுத்தமா தொடச்சு புதுசா போட்டுக் குடுத்தாரு. போன அமாவாசைக்கு அப்டேட்டுன்னு வந்தீங்களே, நெட்டு இருக்குதான்னு ரெண்டு வாட்டி கேட்டீங்களே, அன்னிக்கி நீங்க ஏத்தினது நகல்லதான். என் பழைய டிசைனு ஒண்ணுகூட அதுல கெடையாது. புதுசா ஒண்ணே ஒண்ணு வரைஞ்சு வெச்சிருந்தேன். அன்னபட்சி பார்டரு. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட காட்டல. எந்தத் தறிக்கும் போவல. குணா அப்ப செய்யாறுல, இந்த வாசப்படி மிதிச்சே ரொம்ப நாளாச்சு. அந்த அன்னபட்சிய பாத்தது நான் ஒருத்திதான். அப்புறம் நீங்க ஏத்தின சாஃப்ட்வேரு.

ஏன் பென்டிரைவ எடுத்து பாக்கெட்ல போடறீங்க?

முதலாளி பென்டிரைவ குடுத்தாரு, நீங்க சொருகினீங்க, உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாது. அப்டியா? பாதி நம்பறேன். அவரு மச்சான் பேர்ல பவர்லூம் ஓடுதே, அதுவும் தெரியாதா? சரி உடுங்க, அத நான் கேக்கல. தெரியாதுன்னு என்கிட்ட சொன்னீங்களே, அதையே கோயில்ல சொல்லுங்க. குடுத்தது அவரு, ஏத்தினது நானு. அவ்ளோதான். நீங்க கற்பூரம்கூட அடிக்க வேணாம். குணா கைய நீட்டறதுக்கு முன்னாடி சொல்லிடணும், அதான் முக்கியம்.

வேலை பூடுமா? பூடும். இல்லன்னு நான் சொல்லமாட்டேன். குணாவுக்குப் போச்சுல்ல.

நான் மட்டும் போய் சொன்னா கம்ப்யூட்டரு பேசுதான்னு சிரிப்பாங்க. நகலு, நெட்டுன்னா யாருக்குப் புரியும்? பெரியவங்களுக்கு ஆளு வந்து நிக்கணும், இல்ல கண்ணால பாக்கறமாரி ஒண்ணு இருக்கணும். ரெண்டாவது நேத்தே கெடச்சுட்டுது. கலசப்பாக்கத்துல ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன், அப்டியே கடைத்தெருவுல நடந்து வரேன், பொம்மைக்குக் கட்டி வாசல்லயே நிக்க வெச்சிருக்காங்க. பேரம்கூட பேசல, வாங்கிட்டேன். வந்ததுல இருந்து என் மூஞ்சியும் பாக்கல, நான் கட்டிகினு இருக்கற புடவையும் பாக்கல நீங்க. இப்ப பாருங்க, இந்த பார்டர. கிட்ட வந்து பாருங்க. அன்னபட்சிக்கு எத்தினி காலு? நான் வேணும்னேதான் மூணு காலு போட்டேன். நெய்யறவன் எவனா இருந்தாலும் பாத்த ஒடனே சிரிச்சிருப்பான். பவர்லூமு சிரிக்குமா, மொழத்துக்கு மொழம் மூணு காலோட அடிச்சு வெச்சிருக்குது.

வண்டிய எடுங்க, பின்னாடி உக்காந்துக்கறேன். மெதுவா ஓட்டுங்க. புடவை கசங்கக் கூடாது, நாலு பேரு பாக்கணும்.