பூரணி பேருக்குப் பத்து றாத்தல்

— அது கெடக்கட்டும், மாவு ஏதுன்னு கேட்டேன்.

— மொதல்ல கையக் கழுவிட்டு வந்து குந்துங்க. நாலு நாளா ஆளக் காணோம், வந்ததும் வராததுமா பொலிசுக்காரன் மாதிரி கேள்வியப் பாரு.

— வீரம்மா, நான் போறப்ப மாவுத் தகரத்தைத் தட்டினா சத்தந்தான் வந்துச்சு. இப்ப லயத்து வாசல்லயே ரொட்டி வாசம். வேற ஆளு காம்பராவுக்குள்ள பூந்துட்டேனோன்னு நின்னு பாத்தேன், கேட்டியா.

— நம்ம காம்பராதான். செல்லசாமி பொண்டாட்டி, ஒங்க வீரம்மா, சுட்ட ரொட்டிதான். தின்னுட்டுக் கேளுங்க. பசியோட கேட்டா நல்ல சேதிகூட கெட்ட சேதியாத்தான் தெரியும். அந்தச் சாக்குல என்ன கொண்டாந்தீங்க?

— கோவா.

— அடியாத்தி! முழுக் கோவாவா? முட்டக்கோசு தின்னு எத்தன மாசமாச்சு!

— எலை. உடப்புசல்லாவைப் பக்கம் மூணு நாளு உருளக்கெழங்குப் பாத்தி கொத்தினேன். கூலிக்குக் கோவா தாரேன்னான் மொதலாளி. கடைசியில கோவாவையெல்லாம் லொறியில ஏத்திட்டு, மேல உரிச்சுப் போட்ட எலைய அள்ளிக்கன்னுட்டான்.

— எலையாவது வந்துச்சே. புழு அரிச்சத நறுக்கிப் போட்டுட்டு உப்புல வேகவச்சா ரெண்டு நாளைக்குத் தாங்கும். காட்டுக்கீரையத் தின்னு தின்னு புள்ளைங்க பல்லெல்லாம் பச்சையாக் கெடக்கு.

— புள்ளைங்க எங்க?

— பூரணி பீலியில தண்ணி பிடிக்கப் போயிருக்கா. சின்னவளையும் இடுப்புல தூக்கிக்கிட்டுத்தான் போனா. ரெண்டு நாளா அவளக் கீழ எறக்கி விடுறதே இல்ல.

— சின்னவ காலு எப்படியிருக்கு?

— ரொட்டி ஆறுது, தின்னுங்க.

— ஒன்னத்தான் கேக்குறேன்.

— அமுக்குனா குழி விழுது. ஆனா சாமி சத்தியமா, முந்தாநாள் விழுந்த அளவுக்கு இல்ல. ரொட்டி உள்ள போகுதில்ல, இனிமே வத்திரும்.

— நம்ம பய அழகனுக்கும் மொதல்ல காலுதான் வீங்குச்சு.

— அவன் பேச்ச எடுக்காதீங்க. மார்கழியில அவனக் கொண்டுபோய்ப் பொதைச்சாச்சு. இவள நான் விடமாட்டேன். தின்னுங்க.

— நீ?

— நான் மலையிலயே தின்னுட்டேன்.

— மலையில எவன் ஒனக்கு விருந்து வச்சான்? இந்தா, பாதியப் பிடி.

— கால்வாசி போதும். பொய் சொல்லக்கூட விடமாட்டீங்க.

— இப்ப சொல்லு.

— பேரு விழுந்திருக்கு.

— யாருக்கு? வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை, அதுக்கு மேல ஒருத்தர் பேரும் செக்ரோல் பதிவுல விழாதுன்னு கணக்கப்புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினானே.

— அது பழைய ஆளுகளுக்கு. இது புதுப் பேரு. நம்ம பூரணிக்கு.

— பூரணிக்கா? அவளுக்கு இன்னும் பன்னெண்டே முடியலியே, புள்ள.

— ஆவணி வந்தா முடியுது. எனக்கு மட்டும் ஆசையா? படிக்கட்டும்னுதானே என் மூக்குத்திய அடகுக்குப் போட்டுச் சட்டை தச்சேன். ஆனா வேலைக்குப் போற ஆளுக்குத்தானே இப்ப மாவு. பேரு இருந்தா மாவு, பேரு இல்லாட்டி மண்ணு. நாலு வயித்துக்கு ரெண்டு ஆளு மாவு. நானும் பிசைஞ்சு பிசைஞ்சு பாக்குறேன், தண்ணிதான் கூடுது, ரொட்டி கூடல.

— அவ என்ன சொன்னா?

— ஒரு வார்த்த சொல்லல. மறுநாளே சிலேட்டக் கொண்டுபோய் வாத்தியார்கிட்ட குடுத்துட்டு வந்துட்டா. இன்னைக்குக் காலையில அவளாவே சட்டையத் தொவைச்சுக் காயப்போட்டா. சின்னவளுக்குப் பேன் பாத்தா. அடுப்பு ஊதக் கத்துக்குடுக்குறா, மூணு வயசுப் புள்ளைக்கு! பெரிய மனுஷி கணக்கா.

— ம்.

— மொகத்தத் தூக்காதீங்க. நானும் அழுதுட்டேன், போதும்.

— அதில்ல புள்ள. வழியில சூசைரட்ணத்தப் பாத்தேன். மேல் டிவிசன், மாதா கோயிலுக்கு மணி அடிப்பானே, அவன். பாலத்துக் கட்டுல ஒக்காந்து, பைத்தியம் மாதிரி தனியாப் பேசிக்கிட்டிருந்தான்.

— அவருக்கு என்ன?

— பெத்த மகளத் தாரை வாத்துட்டான். மூத்தவ, பெற்றீசியா. கொழும்புல வீட்டு வேலைக்கின்னு ஒருத்தன் வந்து கூட்டிட்டுப் போயிருக்கான், மூணு மாசமாச்சு. மாசா மாசம் சம்பளம் வரும்னானாம். சல்லி வரல, கடுதாசி வரல. இவன் கடன ஒடன வாங்கி ரயிலேறிப் போய்ப் பாத்தா, அவன் சொன்ன தெருவுல அப்படி ஒரு வீடே இல்லையாம்.

— ஐயோ சாமி... அவரு பொண்டாட்டி தெரேசா எப்படித் தாங்குவா?

— தாங்குறாளா? அவ எந்திரிச்சே பத்து நாளாகுதாம். எனக்கு அவன் மேல எரக்கம் வரல, கேட்டியா. ஆத்திரந்தான் வந்துச்சு. ஒரு பை மாவுக்குப் புள்ளயக் குடுக்குறவன் மனுஷனான்னு கேட்டுட்டு வந்துட்டேன். இன்னொரு ரொட்டி இருந்தா வையி. நாலு நாளுப் பசி, வெக்கமில்லாமக் கேக்குது.

— இருக்கு. பை மாவுன்னா... எப்படிப் பையாம்?

— எப்படிப் பைன்னா? மாவுப் பைதான்.

— வெள்ளத் துணிப் பையா? வாயில செவப்பு நூலு தச்சு?

— அதெல்லாம் நான் கேக்கல.

— அந்தாளுக்குத் தங்கப் பல்லு இருந்துச்சாமா?

— ஆமா, வெள்ளக் களுசான் போட்டவன், தங்கப் பல்லுன்னான். ஒனக்கு எப்படி... வீரம்மா? ஏன் ரொட்டியக் கீழ வச்சுட்ட?

— ஒண்ணுமில்ல. அது வேற ஆளா இருக்கும்.

— எது வேற ஆளா இருக்கும்? அந்தப் பைய எடு. எடுன்னேன்!

— இருங்க, இருங்க. நம்ம கணக்கப்புள்ளதானே கூட வந்தாரு! அவரு வாயாலதானே கேட்டாரு, 'வீரம்மா, பொண்ணு பேரு குடுக்கிறியா'ன்னு. பேரு குடுக்கிறதுன்னா நமக்கு வேற என்னங்க? இருவது வருசமா காலையில வேலைக்கு ஆளு எண்ணுற பெரட்டுல நின்னு பேருதானே குடுக்கிறோம்!

— நீ என்ன கேட்ட? ஒண்ணுவிடாமச் சொல்லு.

— வேலைக்குத்தானேன்னு கேட்டேன். வேலைக்குத்தான்னாரு. சம்பளம்? மாசா மாசம்னாரு. தோட்டத்துலயும் மாசச் சம்பளந்தானே! பகல் சாப்பாடும் உண்டு, துணிமணியும் உண்டுன்னு அந்தத் தங்கப்பல்லு மாத்தயா சொன்னான். புதுசாப் பேரு பதியிற புள்ளைகளுக்குக் கம்பளி குடுப்பாங்களே, அதுன்னு நெனைச்சேன்.

— எப்ப வேலைக்கு வரச் சொன்னாங்க?

— நாளைக்கு. காலம்பற குளிப்பாட்டி ஆயத்தமா வைய்யின்னாரு.

— நாளைக்கு என்ன கெழமை?

— ஞாயித்துக்கெழமை.

— ஞாயித்துக்கெழமை எந்தத் தோட்டத்துல பெரட்டு வைக்கிறான்?

— கைக்காசுக் கொழுந்துன்னு நெனைச்சேங்க. ஞாயித்துக்கெழமை கொழுந்து எடுத்தா அன்னைக்கே கையில காசு குடுப்பாங்களே...

— தேயிலையில கொழுந்தே இல்ல புள்ள! மலையெல்லாம் காஞ்சு கெடக்கு. வாரத்துல மூணு நாளைக்கே வேலை இல்லாதவன் ஞாயித்துக்கெழமை கைக்காசா குடுப்பான்?

— பசியில புத்தி ஓடலங்க. பத்து றாத்தல் மாவு, முன்னாடி இருக்கு. இந்தக் கண்ணு அதத்தான் பாத்துச்சு. ஐயோ, என் புள்ளைக்கு நானே...

— அழாத. இப்ப அழுதா ஆகாது. கைநாட்டு வச்சியா?

— வச்சேன். ஆனா குருட்டுத்தனமா வைக்கலங்க. பூரணியக் கூப்புட்டு வாசிக்கச் சொல்லிட்டுத்தான் வச்சேன். 'தோட்டத்துக்குப் பேரு போடுற கடுதாசிதாம்மா'ன்னா. அதுக்கப்புறந்தான் பெருவிரல நீட்டினேன். நகல் ஒண்ணு குடுத்தாங்க, சாமிப்படத்துக்குப் பின்னால சொருகியிருக்கேன்.

— எடுத்தா. அந்தா, பூரணி வந்துட்டா பாரு. ஏ பூரணி, கொடத்த எறக்கி வச்சுட்டு இப்படி வா.

— அப்பா! எப்ப வந்தீங்க? தங்கச்சி, பாரு, அப்பா.

— சின்னவள அம்மாகிட்ட குடு. இந்தக் கடுதாசிய வாசி.

— அன்னைக்கே வாசிச்சேம்ப்பா.

— எனக்கு வாசி.

— 'பூரணி என்பவரைத் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்'. அவ்வளவுதாம்ப்பா.

— கேளுங்க! நாந்தான் சொன்னேனே! அது வேற ஆளுங்க, வேற பை. மாரியம்மா, ஒனக்குச் சேவல் அறுக்கிறேன்.

— இரு வீரம்மா. பூரணி, இங்க பாரு. என் வெரலு இருக்குற எடம். இது என்ன வார்த்த?

— அது... 'தோட்டம்'ப்பா.

— எனக்கு எழுத்துத் தெரியாது, ஆத்தா. ஆனா இந்த ஒரு வார்த்த தெரியும். வட்டவளை டேசன்ல ரெண்டு மாசம் மூட்டை தூக்கினேன். ரயிலு போற ஊரு பலகையில போட்டிருக்கும், நித்தமும் பாத்திருக்கேன். மொதல்ல கொம்பு, நடுவுல அந்தச் சுழிச்ச எழுத்து. இது கொழும்பு. கொழும்புன்னு எழுதியிருக்கிறத தோட்டம்னு வாசிக்கிறியே! அஞ்சு வருசம் என்னத்தம்மா படிச்ச? அந்த வாத்தியாரு என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தாரு? இதுக்கா ஒங்கம்மா மூக்குத்தியப் போட்டா?

— புள்ளைய ஏசாதீங்க. அந்தாளுக தெரண்டு வந்து நிக்கிறப்ப, தெரிஞ்ச எழுத்தும் மறந்து போயிருக்கும். தப்பு என்னோடதுதான்.

— ஏசல. ஏசுறதுக்கு எனக்கு என்ன யோக்கியத இருக்கு? நானே ஒரு வரி படிச்சிருந்தா இந்தக் கதி வருமா. இப்பத்தான் சூசைரட்ணத்தப் பாத்து நீ மனுஷனான்னு கேட்டுட்டு வந்தேன். அவன் புள்ளைய வித்த மாதிரியே என் புள்ளைய வித்த மாவத் தின்னுக்கிட்டே இங்க பேசியிருக்கேன். தூ. மாவு எவ்வளவு மிச்சம் இருக்கு?

— ஏழு றாத்தல் இருக்கும்.

— வாயக் கட்டு. நாளைக்கு அந்தத் தங்கப்பல்லு வரட்டும், மூஞ்சியில எறியிறேன். தின்ன மூணு றாத்தலுக்கு அவன் தோட்டத்த மூணு மாசம் வேணாலும் கொத்திக் குடுக்கிறேன். புள்ள போகாது.

— கட்டுறேங்க.

— அப்ப ஏன் பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?

— ஏங்க... சின்னவளுக்கு இன்னைக்கு மட்டும் ஒரு பிடி எடுத்துக்கவா? ஒரே ஒரு பிடிங்க. தண்ணியாக் கரைச்சுக் குடுக்கிறேன்.

— என்னக் கேக்காத வீரம்மா. எனக்குச் சொல்லத் தெரியல.

— அப்பா, பையக் கட்ட வேணாம்.

— நீ சும்மா இரு தாயி. தப்பா வாசிச்சதுக்காக ஒன்ன யாரும் அடிக்கப் போறதில்ல, எங்கயும் அனுப்பப் போறதும் இல்ல.

— தப்பா வாசிக்கலப்பா. கொழும்புன்னுதான் இருக்கு, அஞ்சு வருசத்துக்குன்னும் இருக்கு, எல்லா எழுத்தும் எனக்குத் தெரியும். அன்னைக்குத் தங்கச்சி காலை நானும் அமுக்கிப் பாத்தேன், அதுக்கப்புறந்தான் அம்மாவுக்கு மாத்தி வாசிச்சேன்.