சின்னவளின் கைராசி

எனக்கு வயது நாற்பத்தொன்று. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் அச்சிட்ட அட்டைகள் விற்கும் கடை என் கணவருடையது. கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறோம். மாமியாரும், கணவரின் தம்பியும், அவர் மனைவியும் எங்களோடுதான் இருக்கிறார்கள். வீட்டிலும் கடையிலும் என்னைப் பெரியவள் என்றும் என் ஓரகத்தியைச் சின்னவள் என்றும் அழைப்பது வழக்கம். அப்படியே எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன். யாரும் அழைத்து வராமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு அட்டைகள் கம்பெனியிலிருந்து, முத்திரை அச்சிட்ட பிளாஸ்டிக் உறை ஒட்டிய டப்பாக்களாக வரும். டப்பாவுக்குள் பாக்கெட்டுகளும் பாக்கெட்டுக்குள் அட்டைகளும் இருக்கும். பெரும்பாலானவை சாதாரண அட்டைகள். ஆனால் டப்பாவுக்கு ஒன்றாவது ஆட்டக்காரர் கையெழுத்திட்ட அட்டையோ, அவர் போட்டு விளையாடிய சட்டையின் துண்டு பதித்த தடித்த அட்டையோ இருக்கும் என்று கம்பெனியே டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கிறது. அப்படி ஒன்று கிடைத்தால் டப்பா விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். அது எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் இந்த வியாபாரம்.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாளர் ஒருவர் டப்பாவைப் பிரித்துத் தரச் சொன்னார். அவள் பிரித்த முதல் பாக்கெட்டிலேயே கையெழுத்து அட்டை வந்தது. அந்த டப்பாவை நான் தொடவில்லை. அன்றே தெருவெல்லாம் அவளுக்குக் கைராசி என்று பேச்சானது. அதன் பிறகு என் கணவர் கடையின் முன்னறையில் மேசையும் விளக்கும் செல்போன் தாங்கியும் வாங்கிப் போட்டு, சனிக்கிழமை மாலைகளில் சின்னவள் டப்பா பிரிப்பதை லைவில் காட்ட ஏற்பாடு செய்தார். பார்ப்பவர்கள் பணம் கட்டினால் அவர்கள் டப்பாவை அவள் பிரித்துக் காட்டி, வருவதை அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

முதல் லைவுக்கு முன்பே என் கணவர் என்னை மாடிக்கு அழைத்து, "ராசிய நம்பி வியாபாரம் பண்ண முடியுமா? அவ கையில நல்லது வரணும். அத நீதான் பாத்துக்கணும். அவளுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா சிரிப்பு நிஜமா வராது" என்று சொன்னார். நான் சம்மதித்தேன். நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற சின்ன எடை மெஷினை அவர் வாங்கி வந்தார். மத்தியானம் கடை அடைத்திருக்கும்போது, சின்னவள் அழகு நிலையத்து வேலையில் இருக்கும் நேரத்தில், நான் டப்பாவின் உறையை ஒட்டிய ஓரமாகச் சூடு காட்டிப் பிரித்து, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடை போடுவேன். சட்டைத்துண்டு அட்டை கனம் காட்டிக் கொடுத்துவிடும். கையெழுத்து அட்டையை விரலால் லேசாக வளைத்துப் பார்த்துக் கண்டுகொள்ளப் பழகினேன். நல்ல பாக்கெட்டுகளை லைவ் டப்பாக்களில் சேர்த்து, மீதி டப்பாக்களுக்குப் புது உறை சுற்றிச் சூடான காற்றை ஊதும் சூட்டுத் துப்பாக்கியால் ஒட்டிக் கவுண்டருக்கு அனுப்பிவிடுவேன். அவற்றை வாங்கி எதுவும் வராதவர்கள் தங்கள் நேரம் சரியில்லை என்று போய்விடுவார்கள். யாராவது சண்டைக்கு வந்தால் கம்பெனிக்கு எழுதிப் போடுங்கள் என்று கணவர் சொல்வார்.

இப்படியே ஒன்றரை வருடம் நடந்தது. லைவ் நடக்கும்போது நான் கதவுக்குப் பின்னால் அடுத்த டப்பாவுடன் நிற்பேன். அவள் நல்ல அட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பாள். பார்ப்பவர்கள் அவள் விரல்களைப் பற்றிக்கூட எழுதுவார்கள். சூட்டுத் துப்பாக்கி பட்டு என் விரல்நுனிகள் கொப்புளித்திருந்தன. சின்னவள் அதைப் பார்த்து, "என்னக்கா, அடுப்புல சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டு மருந்துக் கடையிலிருந்து களிம்பு வாங்கி வந்து கொடுத்தாள். அந்தக் களிம்பை நான் பூசவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

வீட்டில் எது வாங்கினாலும் முதலில் அவள் கை பட வேண்டும் என்று மாமியார் சொல்லத் தொடங்கினார். புது வாஷிங் மெஷின் வந்த அன்று நான் பட்டனைத் தொடப் போனபோது, "நீ கொஞ்சம் தள்ளிக்கம்மா, அவ வரட்டும்" என்றார். சாப்பிடும்போது என் கணவர், "கைன்னா அது கை" என்று தம்பியிடம் சொன்னார். அப்போது அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது நான். இடித்தவள் புடைத்தவள் இங்கே இருக்க, எட்டிப் பார்த்தவள் கொட்டிக்கொண்டு போனாள் என்று என் அம்மா சொல்வதுண்டு. அதை நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுத ஓவியர் வந்தார். என் கணவர் பழைய பெயரை அழித்து 'ராசிக்கை' என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் சின்னவளின் கை அட்டை பிடித்திருப்பதுபோல் வரையச் சொன்னார். அவள் கையை நீட்டிக்கொண்டு வெட்கப்பட்டு நின்றாள். ஓவியரின் ஏணி ஆடாமல் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்கள். அது வரைந்து முடியும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை மாலை லாரி ஓட்டுநர் ஒருவர் நேரிலேயே வந்தார். கவுண்டரில் எங்களிடம் வழக்கமாக வாங்குபவர். "எனக்கு ஒரு தடவகூட ஒண்ணும் வந்ததில்ல. தங்கச்சி கையாலயாவது வருதான்னு பாக்கறேன்" என்று லைவ் மேசை அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்காக எடுத்து வைத்திருந்த டப்பாவை நான் மாடியிலேயே விட்டுவிட்டு, நல்லதை எல்லாம் எடுத்துவிட்ட டப்பா ஒன்றைச் சின்னவளிடம் கொடுத்தேன். அவள் ஒரு தடவையாவது வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

கடைசிப் பாக்கெட் வரை பிரித்தும் எதுவும் வரவில்லை. லைவில் பார்த்தவர்கள் கேலியாக எழுதினார்கள். அவள் அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவள் ஓட்டுநரிடம், "அண்ணே, ஒருநாளும் இப்படி ஆனதில்ல. என் காசுல இன்னொண்ணு பிரிக்கிறேன்" என்று சொல்லி, என் கணவர் தடுப்பதற்குள் எழுந்து போய்க் கவுண்டரிலிருந்தே ஒரு டப்பாவை எடுத்து வந்து பிரித்தாள். அதிலும் இல்லை. அழுதுகொண்டே மூன்றாவது டப்பாவையும் பிரித்தாள். கவுண்டரில் இருந்தவை அத்தனையும் நான் தேடி முடித்தவை என்பது அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு ஓட்டுநர் மேசையில் கிடந்த உறைகளை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்து, "இதுல கம்பெனி முத்திரையே இல்லையே" என்று சொன்னார். லைவ் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஓட்டுநர் புகார் கொடுத்ததும், போலீசார் வந்து எடை மெஷினையும் சூட்டுத் துப்பாக்கியையும் உறைச் சுருளையும் எடுத்துச் சென்றதும், லைவில் முகம் தெரிந்தது அவள்தான் என்பதால் சின்னவளை விசாரணைக்கு அழைத்துப் போனதும் நிலையத்துக்குத் தெரிந்தவை. என் கணவர் என்னிடம், "நாம வாயத் தொறக்கலன்னா பழி அவளோட போயிடும்" என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கொழுந்தனோடு சின்னவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். அவள் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து பெண் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நான் எந்தத் தப்பும் பண்ணல மேடம். என் கைராசிதான் போயிடுச்சு. யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள். இவ்வளவு நடந்தும் அது தன் ராசி என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, நேரே ஆய்வாளரின் அறைக்குப் போய்ச் சொல்லத் தொடங்கினேன்.

சின்னவளுக்கும் கொழுந்தனுக்கும் மாமியாருக்கும் இதில் எதுவும் தெரியாது. செய்தது நான், செய்யச் சொன்னது என் கணவர். மனச்சாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று எழுதலாமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவளை விடுவிக்க வந்தேன் என்பது பாதிதான். அந்த அட்டைகளை வரவைத்த கை யாருடையது என்று எங்காவது ஒரு தாளில் இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

சின்னவளை உள்ளே கூப்பிட்டு விவரத்தைச் சொன்னார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "எல்லா வாரமுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "எல்லா வாரமும்" என்றேன். அவள் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். கொழுந்தன் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த நேரம் எனக்கு இருந்தது வருத்தம் இல்லை. அதையும் விடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் இணங்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லி என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
பெரியவள், கடைக்காரரின் மனைவி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது
(ஒப்பம்)
நிலைய ஆய்வாளர்