பெருவிரல் போதும்

“முதலிலை பாட்டுத்தான் இருந்தது, மேர்சி. கிற்றார் பிறகுதான் வந்தது.”

“பிந்தி வந்தவர்தான் இப்ப முன்னுக்குக் கதிரை போட்டு இருக்கிறார் போலை.”

“உனக்கு எல்லாத்துக்கும் ஒரு குத்தல் கதை.”

“குத்தேல்லை, சும்மா கேட்டனான். அப்ப அந்தப் பாட்டுக்காரர் எங்கை போனவை?”

“இருக்கினம். அவைக்கு என்ன குறை? அதை விடு, மீன் கருகுது.”

எனக்கும் என் கணவர் ஜஸ்ரினுக்கும் நடந்த பேச்சு இது. மீன் உண்மையாகவே கருகியிருந்தது. கருகின பக்கத்தைச் சுரண்டிப்போட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. குருநகரில் எங்கள் ஒழுங்கையில் யாரையும் நீங்கள் விசாரிக்கலாம். இதற்குள் விசாரித்தும் இருப்பீர்கள். பொலிசில் வேலை செய்கிறவர்கள் அதைத்தானே முதலில் செய்ய வேண்டும்.

ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் ஜஸ்ரின் வாசிக்கிற சங்கீதத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியாமல் இது உங்களுக்கு விளங்காது.

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மாதாவின் புலம்பலைப் பாடுவது நான். ஆண்டவரின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது பாடுவது அது. போர் முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்ற வந்தவர்களில் மனுவேல் என்று ஒரு ஸ்பானியர் இருந்தார். அவர் அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று கேட்டாராம். மறுநாளே உபதேசியாரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தன் ஊரில் பரிசுத்த வாரத்தில் சுற்றுப்பிரகாரம் வரும்போது ஒரு பெண் மேல்மாடியில் நின்று மாதாவைப் பார்த்துப் பாடுவாளாம். அவள் முடிக்கும்வரை சுரூபத்தைத் தூக்குகிறவர்கள் அசையாமல் நிற்பார்களாம். குரல் உடைகிற இடம்கூட ஒன்றுதான் என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதர் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தது என் குரலுக்காக. இதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஜஸ்ரின் அப்போது வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பார். மூலையில் இருந்த அந்தக் கிற்றாரை மனுவேல் எடுத்தார். விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசிறினார். வலையை உதறும்போது சூடை மீன் சிதறுமே, அப்படி ஓசை சிதறியது. ஜஸ்ரின் வாயைத் திறந்தபடி நின்றார். அதன் பிறகு மனுவேல் இங்கே இருந்த காலம் முழுக்க வேலை முடிந்தால் எங்கள் வீடுதான். அந்த ஸ்பானிய சங்கீதத்துக்குப் பெயர் பிளமெங்கோ; அந்தச் சொல் எங்கள் ஒழுங்கையில் சின்னப்பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. போகும்போது தன்னுடைய கிற்றாரை ஜஸ்ரினுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிறின சைப்பிரஸ் மரத்தில் செய்தது, தூக்கினால் பாரமே இல்லை. கோயில் கிற்றார் தட்டினால் மணி மாதிரி நீளும். இது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொள்ளும்.

பெரிய வெள்ளிப் புலம்பலுக்குக் கோயிலில் வாத்தியம் கூடாது. ஆகவே நாங்கள் இருவரும் சேர்ந்தது வீட்டு விறாந்தையில் மட்டும். தவக்காலம் முழுக்க நான் பாடிப் பழகுவேன், அவர் எனக்குப் பின்னால் இருந்து வாசிப்பார். கதிரையைக் கொஞ்சம் சரித்துப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்ப்பார். நான் மூச்செடுத்தால் அவர் கை நிற்கும். நான் ஒரு சொல்லை இழுத்தால் அவரும் இழுப்பார். கலியாணம் முடித்துக் கனகாலம் ஆன பிறகு ஒரு புருசன் பெண்சாதியின் முகத்தை அவ்வளவு நேரம் பார்ப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம் இல்லை. மாமி செபஸ்தியம்மா பார்த்துவிட்டு, “உவன் என்ன, பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரி இருக்கிறான்” என்பார்.

மனுவேல் போன பிறகு ஜஸ்ரின் தொலைபேசியில் தேடித் தேடிப் படித்தார். படித்ததை எல்லாம் எனக்குச் சொல்வார். ஆதியில் இந்தச் சங்கீதத்தில் குரல் மட்டும்தான் இருந்ததாம். கொல்லன் பட்டறையில் சம்மட்டி அடியோடு பாடியிருக்கிறார்கள். பிறகுதான் கிற்றார் வந்து பாடுகிறவரின் பின்னால் இருந்தது. பெருவிரலும் கொஞ்சம் விசிறலும்தான் அப்போதைய வாசிப்பு. பாட்டுக்காரர் மூச்செடுக்கும் இடைவெளியை நிரப்பினால் போதும். அந்த இடைவெளியை வாசிக்கிறவர்கள் மெல்ல மெல்ல நீட்டினார்கள். ஒருநாள் கிற்றார் தனியே மேடை ஏறிவிட்டது. பிறகு வேறு நாட்டுச் சுரக்கட்டுகள் வந்தன, பேஸ் கிற்றார் வந்தது, பெரு தேசத்துப் பெட்டிமேளம் வந்தது. இதை எல்லாம் அவர் ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்டில் நூறு வருசமாக நடந்தது எங்கள் விறாந்தையில் சில வருசத்துக்குள் நடந்து முடிந்தது. முதலில் இடைவெளி நீண்டது. நான் ஒரு அடியைப் பாடிவிட்டுக் காத்திருப்பேன். அவர் வாசித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் எழுந்து போய் உலை வைத்து, அரிசியும் களைந்து போட்டுவிட்டு வந்து இருந்தேன். நான் எழும்பினதை அவர் காணவில்லை. பிறகு விருந்தினர் விடுதியில் வெளிநாட்டுக்காரருக்குத் தனியே வாசிக்கப் போனார். பிறகு றஸ்மி வந்தான்.

றஸ்மியை நான் குறை சொல்லமாட்டேன். சோனகதெரு முஸ்லிம் பிள்ளை. தொண்ணூறில் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பம், புத்தளத்தில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்தவன். தேக்குப் பலகையில் தானே பெட்டிமேளம் செய்து அதன் மேல் ஏறி இருந்து தட்டுவான். முதல் நாள் வந்தபோதே கேட்டான்:

“அக்கா, உங்கடை வீட்டிலை உடையாத சாமான் ஏதும் இருக்கோ? எல்லாத்திலையும் தட்டிப் பாக்கப்போறன்.”

“என்ரை தலையைத் தவிர எதிலையும் தட்டு, தம்பி.”

“அது நல்ல சத்தம் வரும் எண்டு அண்ணை சொன்னவர்.”

ஜஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு வீடு இருந்த இடத்தில் இருக்கவில்லை. பன்னிரண்டு அடித் தாளம், அழுத்தம் நாம் நினைக்காத இடத்தில் விழும். ஜஸ்ரின் சாப்பாட்டுக் கோப்பையில் தட்டுவார், சைக்கிள் இருக்கையில் தட்டுவார், பூசையில் முழந்தாளில் நிற்கும்போதும் கால் பெருவிரல் ஆடும். எனக்குள்ளும் அது புகுந்துவிட்டது. தேங்காய் துருவினால் அந்தத் தாளம், துணி அலம்பினால் அந்தத் தாளம். இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் இருக்கச் சொல்லும். கொழும்பில் ஒரு பெரிய மேடைக்கு அழைப்பு வந்தது. அது நன்றாகப் போனால் ஸ்பெயினுக்கும் போகலாம் என்று பேச்சு. அந்த வருசத் தவக்காலத்தில் விறாந்தையில் எனக்கு இடமில்லை. கிணற்றடியில் நின்று பழகினேன்.

எனக்குப் பின்னால் ஒருக்கால் வாசியுங்கள் என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சேலை வேண்டும் என்றால் கேட்பேன். என்னைப் பாருங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டு வாங்கினால் அது பார்வை ஆகாது. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

இனி நகத்துக்கு வருகிறேன்.

இந்த வாசிப்புக்கு வலக்கை நகம்தான் ஆயுதம். நரம்பில் அடிபட்டு அடிபட்டு அது பிளக்கும். ஆகையால் சனிக்கிழமை பின்னேரங்களில் நகத்தை அராவி, மெல்லிய தாளை வெட்டி மேலே வைத்து, கடும்பசை பூசிக் காயவிட வேண்டும். இடக்கையால் தனக்குத் தானே செய்ய அவருக்கு வராது. அதை நான் செய்தேன். என் மடியில் கையைத் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. விரல் நுனி விறைக்கிறது, ஊசி குத்தினாலும் தெரியாது என்று கிளினிக்கில் அவரே பகிடியாகச் சொல்லுவார். காலையும் கையையும் கவனமாகப் பார்க்கச் சொல்லித் தாதி சொன்னது என்னிடம்தான்.

முதல் தரம் நடந்தது தற்செயல். சத்தியமாகத் தற்செயல். ஆள்காட்டி விரலில் அரம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. இரத்தம் வந்தது. அந்தக் கிழமை அவரால் விசிற முடியவில்லை. றஸ்மியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்க முடியாமல் பெருவிரலால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். “பழைய ஆக்கள் இப்பிடித்தான் வாசிச்சவை, மேர்சி. பெருவிரல் போதும்” என்றார். நான் அடுப்படியில் நின்று முணுமுணுத்தேன். கிற்றார் என் பின்னால் வந்தது. வெளியே வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பாடினேன். அவர் என் வாயைப் பார்த்தார்.

அது ஒரு நல்ல கிழமை. கலியாணம் முடித்த புதிதில்கூட நான் அப்படி இருந்ததில்லை. பிறகு காயம் ஆறியது, பெட்டிமேளம் திரும்பி வந்தது.

நான் நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறேன். வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுப்பது வேலை. பச்சை நண்டு வந்து இறங்கும் இடத்தில் நின்றும் பழக்கம் உண்டு. சீனி வருத்தம் உள்ளவர்கள் பச்சை நண்டைத் தொடக்கூடாது, ஓடு குத்தினால் விரலே போகும் என்று மேற்பார்வையாளர் கனகாம்பிகை அக்கா வாரத்துக்கு வாரம் சொல்லுவார். எல்லோரும் அலுத்துக்கொண்டு கேட்பார்கள். நான் கவனமாகக் கேட்டேன்.

தெரிந்து செய்தது அதன் பிறகு வந்த சனிக்கிழமைதான். பச்சை நண்டின் கால் நுனியிலிருந்து சிறு சிராய் ஒன்று கொண்டுவந்தேன். ஆள்காட்டி நகத்தை நன்றாகத் தாழ அராவிவிட்டு அதன் அடியில் வைத்து அழுத்தினேன். நடுவிரலிலும் அப்படியே. மேலே வழமைபோலத் தாளை வைத்துப் பசை பூசினேன். வேலை சுத்தமாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். கொழும்பு மேடை தள்ளிப்போக வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். நகம் போனால் முளைக்கும். ஒரு தவக்காலம் எனக்குக் கிடைக்கும். அது பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை.

கை வீங்கியது. மஞ்சள் அரைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவர் கேட்டபோது, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். காய்ச்சலில் கிடந்த நாட்களில் பக்கத்தில் இருந்து பாடினேன். றஸ்மி படலையில் வந்து கேட்டபோது, அண்ணை மன்னாருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினேன். கடைசியில் முன்வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை புண்ணின் நாற்றத்தை உணர்ந்து ஓட்டோ பிடித்தார். பெரியாஸ்பத்திரியில் அவர்கள் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. றஸ்மி வாசலில் இருந்து அழுதான். அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

பெருவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் அவரை நான் பார்த்ததுபோல் எந்தப் பெண்சாதியும் பார்த்திருக்கமாட்டாள். சோறு தீத்தினேன், கால் கழுவினேன். கிற்றாரைத் துடைத்து எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்தேன். அடுப்படியில் நின்று முணுமுணுத்தும் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. நான் அவசரப்படவில்லை.

பிறகு ஒருநாள் வேலையால் வந்தபோது விறாந்தையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. றஸ்மி நரம்புகளைக் கழற்றி மறுபக்கமாக மாட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணை இனி நொட்டைக்கையர், அக்கா. இடக்கையாலை விசிறப்போறார். மற்றக் கையிலை மிச்சம் கிடக்கிற விரல் நரம்பை அழுத்தப் போதும்.”

“வருமோ?” என்று கேட்டேன்.

“வரும்,” என்றார் ஜஸ்ரின். “திருப்பி முதலிலை இருந்து. வேறை என்ன வேலை எனக்கு?” 

அவர் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது. கால் ஆடத் தொடங்கியிருந்தது. அவர் இடக்கை நகங்களை வளர்த்தார்.

அரம் வைக்கும் பெட்டிக்குள் றஸ்மி கண்டெடுத்ததைத்தான் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அது நண்டு ஓடுதான். நான் கொண்டுவந்ததுதான். இடக்கை நகம் வளர்ந்த பிறகு வந்த சனிக்கிழமை வேலையால் வரும்போது கொண்டுவந்தேன். அவனுடைய முறைப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததில் ஒன்று அவனுக்குத் தெரியாது.

சோளகக் காற்று விறாந்தைக்குள் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. நான் பாயில் இருந்து ஜஸ்ரினின் இடக்கையை எடுத்து மடியில் வைத்தேன். அவர் இழுக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. கதிரையைச் சரித்துப் போட்டுக்கொண்டு, அந்த நாட்களில் பார்ப்பதுபோல என் வாயைப் பார்த்தார். இத்தனை வருசம் நான் வாய்விட்டுக் கேளாததை இவராகக் கேட்கப்போகிறார், பாடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“மேர்சி.”

“ஓம், சொல்லுங்கோ.”

“விறைச்ச விரல் எண்டாலும் நோகும். நீ அழுத்தின அண்டைக்கே நொந்தது.”

நான் அரத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன்.

“கனநாளாய் உன்னட்டைக் கேக்க வேணும் எண்டு இருக்கிறன்,” என்றார். கோபமே இல்லை, தண்ணீர் கேட்பதுபோலத்தான் கேட்டார். “இந்த ஒரு கையை எனக்கு விட்டுத் தா.”