கொட்டாய்ல கூப்பிட்டவங்க

இல்ல டோரின் டீச்சர், வரமாட்டேன்னு நா சொல்லல. மொதல்ல ஒக்காருங்க. தேத்தண்ணி கலக்கச் சொல்லியிருக்கேன், வரட்டும். கல்யாணத்துக்குச் சோறாக்குன்னு கேட்டிருந்தா இந்த யாக்கூபு இன்னிக்கே பஸ்ஸு ஏறிருவான் லா. யூனிவர்சிட்டில வந்து பாடம் எடுங்கன்னா யோசிக்க வேண்டியிருக்கு.

ஆமா, அதையும் சொன்னீங்க. கதை சொல்லிட்டுக் கைதட்டு வாங்கிட்டுப் போறதுக்கு இல்ல, சோசியல் ஒர்க் படிக்கிற பிள்ளைங்க முன்னால வாத்தியாராவே நிக்கணும்னு. பட்டுத் தெரிஞ்சதும் படிப்புதான்னு ஒங்க யூனிவர்சிட்டிப் பெரியவங்ககிட்டச் சண்டை போட்டிருக்கீங்க. சந்தோசம்தான். ஆனா ஒங்க பாடத்துலயே ஒண்ணு இருக்குதாமே, சாகக் கெடக்குறவங்ககிட்டப் பொய் சொல்லக்கூடாதுன்னு. அங்கதான் எனக்கு ஒதைக்குது.

ஜப்பான்காரன் நம்ம நாட்டப் புடிச்சிருந்த காலத்துல, ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கெல்லாம் மரவள்ளிக்கெழங்கு அப்பம் சுட்டு சைக்கிள்ல கொண்டுபோய் விக்கிறவன் நானு. ஒரு நாளு தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயத்து வாசல்ல லாரி நிக்குது. சயாமுக்கு ரயில் ரோடு போட ஆளு பத்தலையாம், வேலை வாங்குற மண்டோரு இத்தன தலைன்னு கணக்குக் காட்டணும். நா தோட்டத்து ஆளே இல்லன்னு கத்துறேன், யாரு கேக்குறா. ஏத்திட்டானுங்க.

அங்க போயி எனக்குக் காலரா. என்னமோ பொழைச்சிட்டேன். பொழைச்சவனுக்கு மறுபடி வராதுன்னு காலரா கொட்டாய்லயே போட்டுட்டாங்க, தண்ணி குடுக்க. மருந்து கிடையாது, தண்ணிதான். மழை புடிச்சா பகல்லயே இருட்டிப் போயிரும். மூங்கித் தட்டியில வரிசையாக் கெடப்பாங்க. அந்த நோவு வந்தா கண்ணு உள்ள போயி மூஞ்சி ஒட்டிரும் டீச்சர், பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

எல்லாரும் யாரையாச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. வீரமுத்துன்னு ஒருத்தர், எங்கிட்ட அப்பம் வாங்குன மனுசன். தாயம்மா தாயம்மான்னு பொண்டாட்டியக் கூப்பிட்டாரு. அண்ணே, அது ஊர்லல்ல இருக்கு, இது சயாமுன்னு நெசத்தச் சொன்னேன். அதுக்கப்புறம் அவரு தண்ணியே வாங்கல. வாயக் கெட்டியா மூடிக்கிட்டாரு. அப்பிடியே போயிட்டாரு.

அதுலேருந்து யாரு யாரக் கூப்பிட்டாலும் நானே பதில் குடுக்க ஆரம்பிச்சேன். அம்மான்னா, இருக்கேன்யா. மாமான்னா, இந்தா வந்துட்டேன். பொம்பளைக் கொரல்ல கூட, சிரிக்காதீங்க. கொரலக் கேட்டதும் கை தொழாவுறது நின்னுரும், ரெண்டு மடக்கு உள்ள எறங்கும். அதுக்காக அவங்கல்லாம் எந்திரிச்சு ஒக்காந்தாங்கன்னு சொல்லமாட்டேன். முக்காவாசிப் பேரு போயிட்டாங்க.

புஸ்தகம் தப்புன்னு நா எங்க சொன்னேன்? நெசம் தெரியணும்னு நெனச்சவங்களும் அந்தக் கொட்டாய்ல இருந்திருப்பாங்க, அவங்களுக்கு நா பண்ணது துரோகம்தானே. பிள்ளைங்க கேக்கட்டும், திட்டக்கூடத் திட்டட்டும். அதுக்கெல்லாம் நா பயப்படல. வர்றேன்.

என்னாது? பின்ன எதுக்கு இத்தன இழுவையா?

குடிங்க, ஆறிப்போவுது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான் டீச்சர், சலாவுதீன்னு. சிரம்பான்ல மளிகைக் கடையில வேலை. சயாம்ல இருந்த வரைக்கும், அவனாவது ஊர்ல பத்திரமா இருக்கான்னுதான் என் நெனப்பு. சண்டை முடிஞ்சு வந்து பாத்தா ஆளு இல்ல. என்னையத் தேடிக்கிட்டு அவனாவே அடுத்த லாரில ஏறியிருக்கான், பைத்தியக்காரன். அவங்கூடப் போன முனியாண்டி பொழைச்சு வந்து எங்கிட்டக் கேக்குறாரு, ஒன் கொட்டாய்லதானப்பா கொண்டாந்து போட்டோம், நல்ல மழை அன்னிக்கு, நீ பாக்கலையான்னு.

மழையில ஒருத்தன் அந்தக் கோடியில கெடந்து, நானா நானான்னு கூப்பிட்டான். எங்க ஆளுங்க எல்லாருமே அண்ணன அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. நா வேற ஒருத்தரு தலையத் தூக்கிப் புடிச்சுத் தண்ணி குடுத்துக்கிட்டு இருக்கேன். திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாருக்கும் சொல்றாப்ல, இருக்கேன்டா தம்பின்னேன். கூப்பிடறது நின்னுருச்சு. நா அங்க போறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க.

பொய்தானேன்னு பிள்ளைங்க கேட்டா, ஆமா, எல்லாருகிட்டயும் சொன்னது பொய்தான்னு ஒத்துக்குவேன் டீச்சர். அந்த மழையில கூப்பிட்டவங்கிட்டச் சொன்னது மட்டும் பொய்யா நெசமான்னு கேக்கவேணாம்னு சொல்லிவைங்க.