நாலு விரல் இடைவெளி

கதவைச் சாத்திவிட்டு, நெருங்கி உட்காருங்கள். சசிரேகா இருந்தால் இதைச் சொல்ல விடமாட்டாள். அவளுடைய அண்ணன் கமலேஷுக்கு நடந்தது.

இரவு பதினொன்றே கால். மஞ்சூரிலிருந்து கீழே இறங்கும் எஸ்டேட் ரோடு. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம், நடுவில் பனிமூட்டம். கமலேஷ் பைக்கை இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போனான். தேயிலை விலை விழுந்து, சுற்றிலும் ஃபேக்டரிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த வருஷம். அவன் போன ஃபேக்டரிக்கும் அன்றுதான் கடைசிக் கெடு.

"காலையில ஆறு மணிக்கு எலை லாரி வரும். மெஷின் சரியா ஓடுனா ஃபேக்டரி ஓடும். இல்லீன்னா பூட்டு" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அறுபது பேர் பிழைப்பு. அதில் ஒருத்தி அவனைப் பெற்ற ஆயம்மாள்.

மெஷின் என்ன பெரிய மெஷின்... தூளை உலர்த்தும் டிரையரின் வாயில் ஓர் இரும்புத் தகடு. ஏறினால் தூள் உள்ளே போகும், இறங்கினால் நிற்கும். இருபத்திரண்டு வருஷம் அதை மூக்கன் என்பவர், டிரையருக்கு அந்தப் பக்கம் இருந்த சக்கரத்தைக் கையால் சுற்றி ஏற்றி இறக்கினார். தகட்டுக்கு அடியில் வலது கை விரல் நாலையும் விட்டுத்தான் தூளின் கனம் பார்ப்பார். ஆள் குறைப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே அச்சின் இந்த முனையில், எண்ணி எண்ணி ஒவ்வொரு ஸ்டெப்பாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரை மாட்டினார்கள். அதை ஓட்டும் புரோகிராம் கமலேஷ் எழுதியது.

எண்ணூறு ஸ்டெப் போனால் தகடு முழுசாகச் சாத்த வேண்டும். சாத்தவில்லை. நாலு விரல் இடைவெளியில் நின்று, ம்ம்ம்... என்று முனகியது.

வேகத்தைக் குறைத்தான். நின்றது. மோட்டார் சுருளின் வயர்களை மாற்றிப் போட்டான். நின்றது. புரோகிராமை அழித்து முதலிலிருந்து எழுதினான்... அதே இடம். மோட்டார் ஸ்டெப் தவறினால் ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்றல்லவா நிற்கும்? இது நூல் பிசகாமல் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தான். தடுக்க ஒரு துரும்புகூட இல்லை.

மணி மூன்றரை. சப்ளையைப் பிடுங்கினான். போர்டில் எல்லா விளக்கும் அணைந்தது.

அப்புறம்... மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

கமலேஷ் உற்றுப் பார்த்தான். பிடுங்கிப்போட்ட போர்டில் விளக்கு எரிய ஒரு வழிதான் உண்டு. மோட்டாரின் அச்சைக் கையால் சுற்றினால், மோட்டாரே கொஞ்சம் கரண்ட் உண்டாக்கும். யாரோ சுற்றுகிறார்கள்.

அந்தப் பக்கம் ஓடினான். சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது... நின்றது. ஆள் இல்லை. பிடி மட்டும் சூடாக இருந்தது. குப்பென்று தைல நெடி, காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறை மாதிரி.

நானாக இருந்தால் அந்த நிமிஷமே ஓடியிருப்பேன், சத்தியமாக. அவனுக்கு அம்மா முகம் கண்ணில் நின்றது. திரும்பி வந்தான். மோட்டாருக்குக் கரண்டைக் கூட்டும் குட்டித் திருகைக் கடைசி வரை திருப்பினான். "யாரா இருந்தாலும் தள்ளிக்கங்க" என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு சப்ளையைக் கொடுத்தான்.

மோட்டார் முனகியது. திணறியது. பச்சைச் சுள்ளி ஒடிகிற மாதிரி... டக். டக். டக். டக். தகடு முழுசாகச் சாத்தியது.

ஆறு மணிக்கு லாரி வந்தது. முதலாளி தோளில் தட்டினார். ஏழரைக்கு ஆயம்மாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். பத்து மணிக்கு வாட்ச்மேன் சில்வஸ்டர் ஒரு சேதி கொண்டுவந்தார்.

"மூக்கண்ணன் மூணு மாசமாக் காய்ச்சல்ல ஊட்டுலயே கெடக்கறாருங்க. விடியக்காலம் நாலு மணிக்குத் தூக்கத்துலயே அலறுனாராம். வலது கை வெரலு நாலும் நசுங்கிக் கெடக்குதாமுங்க."

அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கமலேஷ் போனான். மூக்கனை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவரும் இவனைப் பார்த்ததில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தவர், வாசலில் நின்றவனைக் கண்டதும் தலையைத் தூக்கினார்.

"தள்ளிக்கங்கன்னு நீங்க சொன்னது கேட்டுச்சுங்க, தம்பி. கையை எடுக்கறதுக்குள்ள சாத்திப்போட்டீங்களே..."