தார்ப்பாய் கட்ட ஒரு ஆள்

இல்லம்மா, அவசரப்பட்டு மார்க்கு போட்டுறாதீங்க. பேனாவ மூடி வைங்க மொதல்ல. ஏறி உக்காருங்க வண்டில, வெளிய காத்து மண்ண வாரி மூஞ்சிலயே அடிக்குது. கதவ நல்லா இழுத்து சாத்தணும். இன்னும் பலமா. ம், அவ்வளவுதான்.

மணி மூணு. அஞ்சு மணிக்கு ஜின்னிங் மில்லுல நாங்க நாலு பருத்திச் சம்சாரியும் உக்காந்து, உங்க தாளப் படிச்சு, உருண்டை மிஷினா செங்கல் மிஷினான்னு முடிவு பண்ணணும். நாலு பேரும் சேந்து வாங்குறது பருத்தி உருவுற ஒரே ஒரு மிஷினு. அது இனி நான் சாகுற வரைக்கும் இந்த வயல்லதான் ஓடும். அதனால நிதானமாப் பேசுவோம். சாண்ட்விச் இருக்கு, எடுத்துக்கங்க. மொளகா வெச்சது ஒறைக்கும். கோலாவுல வேர்க்கடலை போட்டுக் குடிப்பீங்களா? லப்பக் டவுன் காலேஜுல அதெல்லாம் பழக்கமில்லையா? அப்ப என்ன படிச்சு டாக்டர் ஆனீங்க. கோச்சுக்காதீங்க. மொத நாள் உங்க கார்டுல டாக்டர்னு பாத்துட்டு முட்டிவலியச் சொன்னவன்தான நான். நீங்களும் பொறுமையாக் கேட்டுட்டு, நான் பருத்தி மிஷினுக்குத்தான் டாக்டருன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்.

சரி, விசயத்துக்கு வரேன். உருண்டை மிஷினு நல்ல மிஷினு, நான் இல்லேங்கல. பருத்திய உருவிக்கிட்டே போகுது, வயித்துக்குள்ளயே உருண்டையா சுருட்டுது, தானே பிளாஸ்டிக்க சுத்துது, பின்னாடி பொத்துனு போடுது. நிக்கிறதே இல்ல. ஆனா அந்த மஞ்ச பிளாஸ்டிக்கப் பாத்தீங்களா? வயல் முழுக்க யாரோ ஈஸ்டருக்குப் புள்ளைங்க தேடுற கலர் முட்டைய ஒளிச்சு வெக்கத் தெரியாம வெச்ச மாதிரி இருக்கு. அதுக்கு ஒரு கட்டம் இருக்கா உங்க தாள்ல? பாக்க எப்படி இருக்குன்னு? இல்லையா. இருக்கணும்.

அப்பறம் வெஸ்லியோட காளை. வெஸ்லிதான், அடுத்த வயலு, நாலு பேர்ல ஒருத்தன், உருண்டைக்குத்தான் கை தூக்குவான். அவன் காளை முந்தாநாள் வேலியத் தாண்டி வந்து ஒரு உருண்டைய முட்டி, சீறி, கால் மணி நேரம் சண்டை போட்டுச்சு. தோத்துப் போச்சு. அன்னியிலேருந்து புல்லு திங்கலையாம். இதையும் எழுதணும்ல?

அப்பறம் ஒரு உருண்டை உருண்டு போய் வெஸ்லி வேலிய ஒடச்சதும்தான். ஆமா, நீங்க பாத்தீங்க. ரெண்டு டன்னு. வேலிக் கம்பம் பன்னெண்ட பல்லப் புடுங்குற மாதிரி புடுங்கிட்டுப் போச்சு. அது மிஷினோட கொறைதான. என்னது?

ம். ஆமா. இந்தச் சுத்துவட்டாரத்துலயே சரிவுன்னு இருக்கிறது அந்த மழைத்தண்ணிப் பள்ளம் ஒண்ணுதான்.

ஆமாம்மா, அங்க கொண்டு போய் எறக்குனது நான்தான். எங்க வேணா எறக்கலாம்னு கம்பெனிக்காரன்தான சொன்னான். எங்க வேணாவா இல்லையான்னு பாத்தேன். அப்படி பாக்காதீங்க, சோதனைன்னா எல்லாத்தையும் சோதிக்கணும்.

இப்ப செங்கலுக்கு வாங்க. அதுவும் வயல்லயே பருத்திய அமுக்கி, பெரிய ரொட்டி மாதிரி கட்டியா எறக்கி வெச்சிருது. ஆனா வரிசை முடிவுல நின்னு எறக்கணும், அதனால மெதுவுன்னு எழுதியிருக்கீங்க. நிக்கிறது ஒரு கொறையாம்மா? அறுவத்தெட்டு வயசு ஆம்பளையக் கேளுங்க. உருண்டை நாலு மணி நேரம் நிக்காம ஓடுதுன்னு பெருமையா போட்டிருக்கீங்களே, உள்ள உக்காந்திருக்கிறவன் நெலம என்னன்னு ஒரு கட்டம் உண்டா? செங்கல் நிக்குது, நாம எறங்குறோம், போயிட்டு வரோம், வானத்தப் பாக்குறோம். அது நாகரிகமான மிஷினு.

ஆமா, தார்ப்பாய். தெரியும், அங்கதான் வருவீங்க. செங்கல் தானா மூடிக்காது. மேல தார்ப்பாய் போட்டுக் கட்டணும், அதுக்கு கூட ஒரு ஆள் வேணும். அந்தக் கட்டத்துலதான செங்கலுக்கு மார்க்கக் கொறச்சிருக்கீங்க. எவ்வளவு? அஞ்சா? அடப்பாவமே.

நேத்து நான் கட்டுன தார்ப்பாய் பறந்துருச்சு, ஒத்துக்குறேன். கயிறு சரியில்ல. சரி, கயிறு நல்லாத்தான் இருந்துச்சு, முடிச்சு சரியில்ல. ரெண்டு மைல் தள்ளி பேப்டிஸ்ட் சர்ச்சு வாசல்ல போய் விழுந்துச்சு, அதுவும் போதகர் கார் மேல, அளவெடுத்த மாதிரி. அவர் யாரோ புண்ணியவான் கார மூடி வெச்சிருக்கான்னு நெனச்சு அப்படியே விட்டுட்டாரு. காலைல நான் போய் கேட்டப்ப மடிச்சுக் குடுத்துட்டு, ஏய்யா டாய்ல், நெல்டா கட்டியிருந்தா இது இங்க வந்திருக்காதேன்னாரு. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்யிறது.

நெல்டாவா? எம் பொண்டாட்டி. இல்ல, வீட்ல இல்ல. அபிலீன்ல, மக வீட்டுக்குப் போயிருக்கா. ரெண்டு வாரம்னு போனா. எப்பவா? போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடி.

கடலையப் போடுங்க கோலாவுல, சும்மா பாருங்க ஒரு தடவ. நொரைக்கும், அப்பக் குடிக்கணும்.

முப்பத்தி நாலு வருசம் தார்ப்பாய் கட்டுனவ அவதான். அப்ப இந்த மாதிரி ஒரே மிஷினு கெடையாது. நான் பருத்திய உருவிட்டு வந்து கொட்டுவேன். வயலோரத்துல ஒரு நீள இரும்புப் பொட்டி. அது மேல ஏறி உக்காந்து நெம்புகோல இழுத்து, அவ பருத்திய அமுக்குவா. அப்பறம் தார்ப்பாய் போட்டு முடிச்சு. அந்த முடிச்ச யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. ஜின்னிங் மில்லுல கத்திய வெச்சு அறுத்தாத்தான் வரும். ஒரு தடவ சூறாவளி வந்து வெஸ்லி கொட்டகைக் கூரைய எடுத்துட்டுப் போச்சு, நெல்டா தார்ப்பாய்ல ஒண்ணு கூட அசையல. அதை வெஸ்லிகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா.

அதில்லம்மா விசயம். வயர்லெஸ் இருந்துச்சு பாருங்க. என் மிஷின்ல ஒண்ணு, அவ பொட்டி மேல ஒண்ணு. வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் பேசுறது என்ன, உப்ப இப்படித் தள்ளு, நாய வெளிய விடு, அவ்வளவுதான். வயல்ல எறங்குனா விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் வாய் ஓயாது. டாய்ல், இடது பக்கம் ரெண்டு வரிசை விட்டுட்டுப் போற, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு. டாய்ல், சர்ச்சுல அந்தப் புதுப் பாட்டுக்காரி சுருதி சேராமப் பாடுறா. டாய்ல், நீ என்னக் கல்யாணம் பண்ணலேன்னா யாரப் பண்ணியிருப்ப, உண்மையச் சொல்லு. இதெல்லாம் வயர்லெஸ்ல. பக்கத்து வயல்ல வெஸ்லியும் கேட்டுக்கிட்டே இருப்பான், நடுவுல புகுந்து பதில் சொல்லுவான், அவன் தோல உரிச்சு விடுவா.

போன வருசம் என் பழைய மிஷினு படுத்துருச்சு. ஆள் கூப்பிட்டு உருண்டை மிஷினு வெச்சு பருத்திய உருவுனோம். ஒருத்தன் வந்தான், ஏறி உக்காந்தான், ஆறே நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டான். நெல்டா அந்த ஆறு நாளும் அடுப்படி ஜன்னல்லயே நின்னா. ஏழாம் நாள் கொட்டகையில இருந்த நாப்பது தார்ப்பாயையும் வெளிய இழுத்துப் போட்டு, கழுவி, காய வெச்சு, மடிச்சு அடுக்குனா. எதுக்கு கழுவுறேன்னு கேட்டேன். அழுக்காப் போட்டுட்டுப் போக மனசு வரலேன்னா. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கல. நான் பாட்டுக்கு டயருக்குக் காத்தடிக்கப் போயிட்டேன்.

பேசாம எப்படி? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவேன். மழை பேஞ்சுதான்னு அவ கேப்பா, பெய்யலேம்பேன். அங்கன்னு நான் கேப்பேன், லேசா தூறுச்சும்பா. முடிஞ்சுது. போன வாரம் மட்டும் ஒண்ணு கேட்டா. என்ன மிஷினு வாங்கப் போற, அதுக்கு தார்ப்பாய் வேணுமான்னா. உருண்டைக்கு வேணாம், செங்கலுக்கு வேணும், டாக்டரம்மா வந்து பாத்துக்கிட்டு இருக்காங்கன்னேன். ஓஹோன்னா. முடிவானதும் சொல்லு, மக மாடி அறைக்கு எனக்குன்னு கட்டில் வாங்கலாமான்னு கேக்குறா, அதுக்குள்ள நான் ஒரு பதில் சொல்லணும்னு சொல்லிட்டு போன வெச்சிட்டா.

அதாம்மா. செங்கல் செயிச்சா தார்ப்பாய் கட்ட அவ வந்துதான ஆகணும், அதுக்குத்தான் உருண்டைய அந்தப் பள்ளத்துல உருட்டி விட்டது. வெஸ்லிக்கு வேலிய நானே கட்டிக் குடுத்துருவேன், அத விடுங்க.

சும்மா வான்னு கூப்பிட வேண்டியதுதானன்னு கேக்குறீங்க. கேக்க சுலபமா இருக்கு. எனக்கு அவள வேலைக்குக் கூப்பிட்டுத்தாம்மா பழக்கம். நெல்டா, லோடு வருது, ஏறு. நெல்டா, காத்து தூக்குது, கட்டு. கல்யாணத்துக்குக் கேட்டப்பவே, அறுவடைக்கு ஒரு ஆள் கொறையுதுன்னுதான் கேட்டேன். அவ, சம்பளம் என்னன்னா. வேலை இல்லாம வான்னா எந்த வார்த்தைய வெச்சுக் கூப்பிடுறதுன்னே தெரியல. எனக்கு நெசமாவே தெரியலம்மா. மூணு ஞாயித்துக்கெழம கூப்பிட்டுறணும்னு போன கையில புடிச்சு மழையப் பத்தியே பேசிட்டு வெச்சிட்டேன்.

வேணாம், வேணாம். செங்கலுக்கு மார்க்க ஏத்தி நீங்க பொய்க்கணக்கு எழுத வேணாம். உங்க படிப்புக்கு இழுக்கு. உருண்டைதான் செயிக்கும், எனக்கே தெரியுது, வெஸ்லி காளைக்குக் கூடத் தெரிஞ்சு போச்சு. அந்த மூணு பேரும் புள்ளகுட்டிக்காரங்க, அவங்களுக்கு நல்ல மிஷினு கெடைக்கட்டும். நானும் கை தூக்கிடுறேன்.

ஆனா அந்தத் தாளோட அடியில குறிப்புன்னு ஒரு கட்டம் காலியாக் கெடக்கு பாருங்க. அதுல என்ன வேணா எழுதலாம்ல? அப்ப பேனாவத் தெறங்க. உருண்டை மிஷினு, டாய்ல் வயலு. போட்டாச்சா. ஓட்ட ஒரு ஆள் போதும். வயர்லெஸ்ல பேசுறதுக்கு கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும்.

சிரிக்காம எழுதுங்கம்மா. கீழ கையெழுத்து, டாக்டர்னு சேத்துப் போடுங்க, அப்பத்தான் அவ நம்புவா. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், கண்ணாடி போட மாட்டா. கூட்டத்துக்கு ஒரு காப்பி போதும். இன்னொண்ணு அபிலீனுக்கு. விலாசம் சொல்றேன், எழுதிக்கங்க.